ஒரு பக்கக் கடிதமும் பத்தாயிரம் மேற்கோள்களும்

1997 செப்டம்பரில் 'ஆர்த்ரைட்டிஸ் அண்ட் ரூமட்டிசம்' என்ற அமெரிக்க ஆய்விதழின் 1725ஆம் பக்கத்தில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் மார்க் ஹாக்பெர்க் என்ற வாதநோய் மருத்துவப் பேராசிரியர். கடிதம் அந்தப் பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தில் முடிந்துவிடும். புதிய மருந்து எதையும் அது அறிவிக்கவில்லை. நோயாளிகளைச் சோதித்துச் சேர்த்த புள்ளிவிவரமும் அதில் கிடையாது. லூபஸ் நோய்க்கென்று 1982 முதல் புழக்கத்தில் இருந்த ஒரு பட்டியலில், ஒரு சோதனையை எடுத்துவிடலாம், இன்னொன்றைத் திருத்தி எழுதலாம் என்று அமெரிக்க வாதநோயியல் கழகத்தின் குழு ஒன்று முடிவு செய்திருந்தது. அந்த முடிவை உலகத்துக்குத் தெரிவித்தது கடிதம். அவ்வளவுதான்.

இன்று கூகுள் ஸ்காலரில் தேடினால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியிருப்பது தெரியும். நோபல் பரிசு வாங்கித் தந்த கட்டுரைகள் பலவற்றுக்கு இதில் பாதிகூடத் தேறாது.

ஆராய்ச்சியாளர் ஒருவரின் மதிப்பை எடைபோட உலகம் முழுக்க இன்று கையில் எடுப்பது இந்த எண்ணிக்கையைத்தான். எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை 'சைட்' செய்தார்கள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே நடக்கின்றன. வாதநோயியல் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மிக வசதியான துறை. ஒரு கடிதம் பத்தாயிரத்தைத் தாண்டியதும் அங்கேதான் நடந்தது; உலகையே புரட்டிய ஒரு கட்டுரையை இன்று பெரும்பாலோர் சைட் செய்வதில்லை என்பதும் அங்கேதான்.

முதலில் அந்தக் கடிதத்தின் கதையை முடித்துவிடலாம். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய். ஒருவருக்குக் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி விரித்த சிறகுபோலச் சிவப்பு படரும். இன்னொருவருக்கு மூட்டு வீங்கும். வேறொருவருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இன்னும் ஒருவருக்கு வலிப்பு வரும். இப்படி ஆளுக்கு ஒரு முகம் காட்டும் நோயை ஆராய்வது எப்படி? பாஸ்டனில் ஒருவர் லூபஸ் என்று சொல்லும் நோயாளிக்கும் டோக்கியோவில் ஒருவர் லூபஸ் என்று சொல்லும் நோயாளிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அப்படியானால் இருவருடைய ஆய்வு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

இதற்காகத்தான் எங் டான் தலைமையிலான குழு 1982இல் 11 அடையாளங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. இவற்றில் 4 இருந்தால் அந்த நோயாளியை லூபஸ் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆய்வில்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் வரையறை அது. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு என்ன நோய் என்று முடிவு செய்ய எழுதப்பட்டதல்ல. மூன்றே அடையாளங்களோடு வந்து லூபஸால் சிறுநீரகத்தை இழப்பவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை மருத்துவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

15 ஆண்டுகளில் பட்டியலில் ஓர் உறுப்பு பழையதாகிப்போனது. எல்.ஈ. செல் சோதனை என்று அதற்குப் பெயர். ஒரு வெள்ளணு இன்னோர் அணுவின் உட்கருவை விழுங்கிய நிலையில் நுண்ணோக்கியில் தெரியும் காட்சி. செய்வது சிரமம், நேரமும் பிடிக்கும். அதைவிட எளிய ரத்தச் சோதனைகள் வந்துவிட்டன. இன்னொரு பக்கம், ரத்தத்தை உறையச் செய்யும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களைப் பற்றிய அறிவு வளர்ந்திருந்தது. முன்பு பட்டியலில் அவற்றைப் பிடிக்க இருந்த ஒரே வழி, மேக நோய்க்கான சோதனை பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டுவதுதான். ஹாக்பெர்க்கின் கடிதம் எல்.ஈ. செல்லை நீக்கியது, இந்த எதிர்ப்பொருள்களுக்கான நேரடிச் சோதனைகளைச் சேர்த்தது.

அன்றிலிருந்து லூபஸ் பற்றி யார் எந்த ஆய்வு செய்தாலும், 'எங்கள் நோயாளிகள் 1982 வரையறைக்கும் அதன் 1997 திருத்தத்துக்கும் உட்பட்டவர்கள்' என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டியிருந்தது. அந்த வரிக்குக் கீழே இரண்டு மேற்கோள். டானுக்கு ஒன்று, ஹாக்பெர்க்குக்கு ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்தத் திருத்தம் வெளியானபோது நோயாளிகளிடம் சோதித்துச் சரிபார்க்கப்படவே இல்லை. 2012இலும் 2019இலும் முறையாகச் சோதிக்கப்பட்ட புதிய வரையறைகள் வந்த பிறகும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவாவது பழைய கடிதத்தைச் சுட்ட வேண்டியிருக்கிறது.

முடக்கு வாதத்திலும் இதே கதைதான். ஃபிராங்க் ஆர்னெட்டின் குழு 262 முடக்கு வாத நோயாளிகளையும், வேறு வாதநோய் கொண்ட 262 பேரையும் ஒப்பிட்டு, 7 அடையாளங்கள் கொண்ட பட்டியலை 1988இல் வெளியிட்டது. காலையில் எழுந்ததும் குறைந்தது ஒரு மணி நேரம் மூட்டு விறைத்துக்கொண்டிருப்பது அவற்றில் முதலாவது. அதுவும் பத்தாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

ஆக, மேற்கோள் எண்ணிக்கை மிக நேர்மையாகச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: இந்தக் கட்டுரை பிறருடைய கைக்குக் கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போன்றது இது. யார் எழுதினார்கள், எத்தனை பேர் என்பது தெரியும். மனம் உருகி எழுதினார்களா, கடனைத் திருப்ப எழுதினார்களா, பந்தியில் உட்காருமுன் சம்பிரதாயத்துக்கு எழுதினார்களா என்பது நோட்டில் இருக்காது.

எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க வழக்கறிஞர்களிடமிருந்து. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடுமுன், அந்தத் தீர்ப்பைப் பின்னாளில் வேறு நீதிமன்றங்கள் ஏற்றனவா, தள்ளினவா என்று பார்க்க வேண்டும். அதற்காக 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' என்ற தொகுப்பு 1873 முதல் அங்கே இருந்துவருகிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட யூஜீன் கார்ஃபீல்டு என்ற இளைஞர், அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்ஃபியாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற கனத்த தொகுதிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பழைய கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு அந்தத் துறையில் யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் போவதற்கு அது வழி. கட்டுரையாளர்களுக்கு மதிப்பெண் போடுவது அதன் முதல் நோக்கமே இல்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். நூலக வேலைகளைக் கணிதத்தாலும் புள்ளியியலாலும் அளக்க வேண்டும், அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைக்கலாம் என்று 1948இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த நூலகர் மாநாட்டில் அவர் சொன்னார். இன்று 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்று அழைக்கப்படும் துறையின் பெயர் அதற்கு 21 ஆண்டு கழித்துத்தான் பிறந்தது. கார்ஃபீல்டுக்கு ரங்கநாதன்மீது பெரும் மதிப்பு; 1984இல் தம் இதழில் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார்.

எந்தெந்த இதழ்களைத் தன் தொகுப்பில் சேர்ப்பது என்று முடிவெடுக்கக் கார்ஃபீல்டு கண்டுபிடித்த உத்திதான் 'இம்பாக்ட் ஃபேக்டர்'. ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. வகுக்கும்போது கடிதங்களைக் கட்டுரையாக எண்ண மாட்டார்கள். ஆனால் கடிதத்துக்குக் கிடைத்த மேற்கோள் மேலே கூட்டலில் சேர்ந்துவிடும். இதழாசிரியருக்குப் புகழ்பெற்ற கடிதம் ஒன்று கிடைத்தால் செலவில்லாத வரவு. இதழ்களுக்காகச் செய்த இந்தக் கணக்கை மனிதர்களுக்கு மாட்டியது பின்னால் வந்த நிர்வாகிகளின் கைங்கரியம்.

தனி மனிதர்களுக்கென்றே ஓர் எண்ணை 2005இல் கொடுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருக்கும் இயற்பியலாளர். ஹெச்-இண்டெக்ஸில் உள்ள 'ஹெச்' அவருடைய பெயரின் முதல் எழுத்து. கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். ஒருவர் 9 கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவற்றின் மேற்கோள்கள் 90, 40, 22, 15, 9, 6, 6, 3, 0 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 7 வேண்டும், 6தான் இருக்கிறது. அங்கே நிற்க வேண்டும். இவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 6.

இப்போது முதல் கட்டுரையின் 90ஐ அழித்துவிட்டுப் பத்தாயிரம் என்று எழுதுங்கள். ஹெச்-இண்டெக்ஸ்? அதே 6. ஒரே ஒரு கட்டுரை வெடித்துப் புகழ்பெற்றால் அது ஒருவரைத் தூக்கிவிடக் கூடாது, தொடர்ந்து உழைப்பவருக்கே மதிப்பு வர வேண்டும் என்பது ஹிர்ஷின் எண்ணம். நியாயம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு மகத்தான காரியம் செய்தவரும், ஒரே ஒரு சுமாரான காரியம் செய்தவரும் இந்தக் கணக்கில் சமம். இருவருக்கும் 1. இந்த எண் ஒருபோதும் இறங்காது என்பதும் ஒரு விசித்திரம். ஆராய்ச்சியை விட்டவருக்கும், உலகை விட்டே போனவருக்கும் அது இன்னும் ஏறக்கூடும்.

20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 20 இருந்தால் வெற்றிகரமான இயற்பியலாளர், 40 இருந்தால் மிகச் சிறந்தவர் என்று ஹிர்ஷ் தோராயமாகச் சொன்னார். அதை மருத்துவத்துக்கு அப்படியே கொண்டுவருவது தவறு. பெரிய மருந்து ஆய்வுகளில் முப்பது நாற்பது பேர் பெயர் போடுவார்கள், ஒவ்வொருவருக்கும் முழு மேற்கோளும் வரவாகும். தனி ஆளாக உட்கார்ந்து நான்கு ஆண்டில் ஒரு தேற்றத்தை நிறுவும் கணிதவியலாளரை இவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் பாவம், அவர் காணாமல் போவார்.

எண்ணைப் பொய்யாக ஏற்றவும் முடியும். பிரான்சின் கிரெனோபிளில் சிரில் லாபே என்ற கணினியியலாளர் 2010இல் இதைச் செய்தே காட்டினார். அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தானாக எழுதித் தள்ளும் ஒரு மென்பொருளைக்கொண்டு ஏறக்குறைய நூறு கட்டுரைகளை உருவாக்கி, ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டும்படி அமைத்தார். ஆசிரியர் பெயர் ஐக் அன்ட்கேர், பிறக்கவே பிறக்காத ஆள். கூகுள் ஸ்காலர் அவருக்குக் கொடுத்த ஹெச்-இண்டெக்ஸ் 94. ஐன்ஸ்டைனுக்கு மேலே.

இப்போது வாதநோயியலின் எதிர்முனைக்குப் போகலாம்.

மினசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் இருந்தார். முடக்கு வாதத்தால் துடித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி விட்டுப்போனதை அவர் 1929இல் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் அந்த மாதங்களில் வலி குறைந்தது. உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் சுரந்து வலியை அடக்குகிறது என்று எண்ணி, அது என்னவென்று தேடுவதில் 20 ஆண்டு செலவிட்டார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த 'காம்பவுண்ட் ஈ' என்ற பொருளை, 1948 செப்டம்பர் 21 அன்று, முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். படுக்கையில் புரளவும் முடியாமல் இருந்தவர் சில நாட்களில் எழுந்து நடமாடினார். அந்தப் பொருளுக்குப் பின்னால் வைத்த பெயர் கார்ட்டிசோன்.

1949 ஏப்ரலில் 14 நோயாளிகளைப் பற்றிய முதல் அறிக்கை வெளியானது. எந்த இதழில் என்று நினைக்கிறீர்கள்? மேயோ கிளினிக் தன் ஊழியர் கூட்ட நடவடிக்கைகளை அச்சிட்டுவந்த உள்வீட்டு இதழில்! மேலே சொன்னேனே எல்.ஈ. செல், அதைக் கண்டறிந்த ஹார்கிரேவ்ஸும் அதே மருத்துவமனைக்காரர்தான். 1948இல் அதே உள்வீட்டு இதழில்தான் அதை அறிவித்தார். இன்றைய பல்கலைக்கழக நேர்காணல் எதிலாவது இப்படியோர் இதழைச் சொன்னால், 'நல்ல ஜர்னலில் ஏதாவது உண்டா?' என்று கேட்பார்கள். ஹென்ச்சுக்கும் கெண்டாலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் 1950இலேயே நோபல் பரிசு கிடைத்தது. அறிக்கை வெளியாகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

கார்ட்டிசோனின் வழித்தோன்றலான பிரெட்னிசலோன் இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் லூபஸுக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த மருந்தைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஹென்ச்சின் 1949 அறிக்கையை எத்தனை பேர் சுட்டுகிறார்கள்? வரலாறு எழுதுபவர்களைத் தவிர மிகச் சிலரே. மற்றவர்களுக்குத் தேவையும் இல்லை. புவி ஈர்ப்பைப் பற்றிப் பேசும்போது நியூட்டனின் நூலுக்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லையே. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருடைய பொது அறிவாகவும் ஆகிவிட்டால் அதன் மூலக் கட்டுரை மேற்கோள்களிலிருந்து மறைந்துவிடும் என்பதை 1968இலேயே சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். அதாவது, ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் மேற்கோள் குறைவதே வெற்றியின் அடையாளம். எந்த இண்டெக்ஸிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, எண்ணும் மதிப்பும் ஓரளவு பொருந்திப்போகும் நிகழ்ச்சிகளும் உண்டு. அப்போது லண்டனில் இருந்த கென்னடி வாதநோயியல் ஆய்வு நிலையத்தின் கதை அப்படிப்பட்டது.

அங்கே இரண்டு பேர். ரவீந்தர் மைனி லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் மருத்துவரானவர். மார்க் ஃபெல்ட்மன் போலந்து யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரான்ஸ் வழியாக ஆஸ்திரேலியா போய், மெல்பர்னில் எதிர்ப்பாற்றல் இயல் படித்தவர். முடக்கு வாதத்தில் மூட்டை அரிப்பது எது என்ற கேள்வி அவர்களுடையது. மூட்டுக்குள் வீங்கிக் கிடக்கும் சவ்வில் சைட்டோகைன் என்ற செய்தி மூலக்கூறுகள் ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டமாக இருந்தன. ஒன்றை அடக்கினால் மற்றவை அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆகவே ஒற்றை மூலக்கூறைக் குறிவைப்பது வீண் என்பதே அன்றைய பொதுக் கருத்து.

கென்னடி நிலையத்தார் செய்தது இது. நோயாளிகளுக்கு மூட்டு அறுவை நடக்கும்போது வெட்டி எடுக்கப்படும் சவ்வை வாங்கிவந்து, அதன் அணுக்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் கொடுக்காமலே அந்த அணுக்கள் தட்டில் நாள்கணக்கில் சைட்டோகைன்களைச் சுரந்துகொண்டிருந்தன. உடம்பை விட்டுப் பிரித்த பிறகும் நோய் தொடர்ந்தது என்று சொல்லலாம். அந்தத் தட்டில் டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தார்கள். டி.என்.எஃப். முடங்கியதோடு இன்டர்லூகின்-1 என்ற இன்னொரு சைட்டோகைன் சுரப்பதும் விழுந்தது. கூட்டத்துக்குள் ஒரு தலைமை இருந்திருக்கிறது! 1989இல் 'லான்செட்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ஃபியனுலா பிரென்னன்.

1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு இந்த எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் நிலைக்காகச் சென்டோகார் என்ற நிறுவனம் தயாரித்து வைத்திருந்த மருந்து அது. இன்று அதன் பெயர் இன்ஃப்ளிக்சிமாப். 20 பேருமே தேறினார்கள். ஆனால் எல்லோருக்கும் மருந்து என்று தெரிந்தே கொடுத்த சோதனை என்பதால் அதைமட்டும் நம்ப முடியாது. 1994இல் வெளியான அடுத்த சோதனையில் 73 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். நான்காவது வாரத்தில், அதிக அளவு மருந்து பெற்ற 24 பேரில் 19 பேருக்குக் குணம் தெரிந்தது. வெற்று ஊசி பெற்ற 24 பேரில் 2 பேருக்கு மட்டுமே. இப்படிப்பட்ட இடைவெளியைப் பார்க்கப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை.

எடானர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் என்று வரிசையாக மருந்துகள் வந்தன. அடாலிமுமாப், 'ஹூமிரா' என்ற பெயரில், பல ஆண்டுகள் உலகிலேயே அதிகம் விற்பனையாகும் மருந்தாக இருந்தது. 2000இல் கிராஃபோர்டு பரிசும், 2003இல் லாஸ்கர் விருதும் மைனிக்கும் ஃபெல்ட்மனுக்கும் கிடைத்தன. இருவருடைய கட்டுரைகளும் பல்லாயிரம் முறை சைட் செய்யப்பட்டிருக்கின்றன. இங்கே எண் பொய் சொல்லவில்லை.

ஆனாலும் முழுக்கதையைச் சொல்லவில்லை. 1989 கட்டுரையின் முதல் ஆசிரியரான பிரென்னன் 2012இல் காலமானார். வாதநோயியலுக்கு வெளியே அவர் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஐந்து பேர் எழுதிய கட்டுரையில் தட்டுகளோடு இரவெல்லாம் விழித்தவர் யார், யோசனை யாருடையது, நிதி வாங்கித் தந்ததோடு சரியென்று இருந்தவர் யார் என்பதை ஹெச்-இண்டெக்ஸ் பிரித்துப் பார்ப்பதில்லை. விருதுகள் பிரித்துப் பார்க்கின்றன. அவை பிரிக்கும் விதம் வேறு. பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் என்பதையும் அதே மெர்ட்டன்தான் 1968இல் சொன்னார்.

மேற்கோள் காட்டுபவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்களா? மிகைல் சிம்கினும் வ்வானி ராய்சௌத்ரியும் இதைக் கண்டுபிடிக்க ஒரு சாமர்த்தியமான வழி செய்தார்கள். புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றைச் சுமார் 4300 பேர் சுட்டியிருந்தார்கள். அதில் 196 பேர் தொகுதி எண்ணையோ பக்க எண்ணையோ தவறாக எழுதியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தவறு செய்திருந்தால் 196 விதமான தவறுகள் இருக்க வேண்டும். இருந்தவை 45தான். ஒரே தவறான பக்க எண் 78 முறை திரும்பத் திரும்ப வந்தது. பரீட்சை அறையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவரை ஆசிரியர் பிடிப்பது இப்படித்தானே! சுட்டுபவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

படிக்காமல் சுட்டுவது வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டுவிட முடியாது. அதற்குச் சாட்சி வலி மருத்துவத்திலிருந்து இன்னொரு கடிதம். 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஐந்து வாக்கியக் கடிதம் அது. மருத்துவமனையில் அபின் வகை வலிமருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் 4 பேரே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது. மருத்துவமனையில், கண்காணிப்பில் இருந்தவர்கள் அவர்கள். வீட்டுக்கு மாத்திரை வாங்கிப்போய் மாதக்கணக்கில் விழுங்கியவர்களைப் பற்றிக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கனடா ஆய்வாளர்கள் 2017இல் அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த 608 மேற்கோள்களையும் எடுத்துப் படித்தார்கள். 72 சதவீதம் பேர் 'இந்த மருந்துகளுக்கு ஒருவர் அடிமையாவது அரிது' என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். ஏறக்குறைய 81 சதவீதம் பேர் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் அபின் மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து அமெரிக்கா பட்ட அவதியில் இந்தக் கடிதத்துக்கும் பங்குண்டு. இது விமர்சனமின்றி அளவுக்கு மீறிச் சுட்டப்பட்ட கடிதம் என்ற எச்சரிக்கையை இதழே பிறகு அதன் தலையில் ஒட்டியது.

608 என்பது சாதாரண ஆய்வாளர் கனவு காணும் எண்ணிக்கை. ஹாக்பெர்க்கின் கடிதத்தைப் பத்தாயிரம் பேர் பயன்படுத்தினார்கள். இந்தக் கடிதத்தை 608 பேரில் பெரும்பாலோர் தவறாகப் பயன்படுத்தினார்கள். கணினிக்கு இரண்டும் ஒரே மாதிரி எண்கள்தான்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். பல்லாயிரம் பேரும் நிறுவனங்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஹிர்ஷும் 2020இல், தன் எண் கெடுதலுக்கும் வழிவகுத்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். ஆனாலும் நிர்வாகிகள் எண்ணை விடமாட்டார்கள். 50 விண்ணப்பங்களை அரை நாளில் தள்ளிவிட எண்ணைப் போல வசதி வேறில்லை. ஒருவருடைய மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படிப்பதற்கு நேரமும் துறை அறிவும் வேண்டும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் இப்போது அதிகம். ஹெச்-இண்டெக்ஸ் 60 என்றால் அவர் நிறைய எழுதினார், பிறர் நிறையச் சுட்டினார்கள் என்று மட்டும் பொருள். உங்கள் விரல் மூட்டை எவ்வளவு கவனமாக அழுத்திப் பார்ப்பார் என்பது அதில் இல்லை. காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டு, வீக்கமும் இருந்து, அது வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடனே வாதநோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். முடக்கு வாதத்தில் முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சைதான் மூட்டைக் காப்பாற்றுகிறது. அரிக்கப்பட்ட எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை.